டென்வர் பக்கத்து மலையடிவாரத்தில் காசில்லாமல் டென்ட் போட: இரண்டு குடும்பம், கூட அம்மாவும்

ஆரோராக்காரன்:

வணக்கம். ஜூலை மூன்றாம் வாரம், வெள்ளி சனி இரண்டு ராத்திரி, கொலராடோவில் டென்வருக்கு மேற்கே மலைப்பக்கம் எங்காவது டென்ட் போட்டுத் தங்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு குடும்பம், மூன்று பிள்ளைகள், கடைசி வாண்டுக்கு நாலு வயது. ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மாவும் வருகிறேன் என்கிறார். அவருக்கு அறுபத்தேழு வயது, பிரஷர் மாத்திரை போடுகிறார், ஆனால் நன்றாக நடப்பார். வண்டி ஒரு மினிவேன், ஒரு சாதாரண கார்.

முன்பதிவு செய்கிற கேம்ப்கிரவுண்டில் ஒன்றிலும் இடமில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே எல்லாம் போய்விடுகிறது. ஆபீசில் ஒருவர், "நேஷனல் ஃபாரஸ்டில் எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம், காசும் வேண்டாம், ரிசர்வேஷனும் வேண்டாம்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடு ராத்திரியில் யாராவது வந்து டார்ச் அடித்து "யார் நிலத்தில் படுத்திருக்கிறாய்?" என்று கேட்டால் என்ன செய்வது? இங்கே பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இடம், தண்ணீர், டாய்லெட், கரடி, எதுவும் எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பைன்மரம்:

உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னதில் முக்கால்வாசி சரி. நேஷனல் ஃபாரஸ்ட் என்பது விவசாயத் துறைக்குக் கீழே இருக்கிற ஃபாரஸ்ட் சர்வீஸின் பொறுப்பு. நாடு முழுக்க 154 வனங்கள், கூட 20 புல்வெளிகள், எல்லாம் சேர்த்து 19 கோடி ஏக்கருக்கு மேல். இதில் தடை போட்டிருக்கிற இடங்களைத் தவிர மற்ற இடத்தில் டென்ட் போட்டுத் தங்கலாம். சிட்டிசனா, விசாவா என்று பார்த்துத் தருகிற அனுமதி இல்லை இது. டென்வரிலிருந்து மேற்கே போனால் வடக்குப் பக்கம் அராப்பஹோ ரூஸவெல்ட் வனம், தெற்குப் பக்கம் பைக் வனம். இரண்டும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான்.

சிக்கல் அந்த "எங்கே வேண்டுமானாலும்" என்பதில்தான். முதலில், மலையில் தெரிகிற காடெல்லாம் நேஷனல் ஃபாரஸ்ட் இல்லை. ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க் வேறு துறை, அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓர் இரவு கூடத் தங்க முடியாது. ஸ்டேட் பார்க்குக்குத் தனிக் கட்டணம், தனி முன்பதிவு. கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வைத்திருக்கிற ஓப்பன் ஸ்பேஸ் என்கிற திறந்தவெளி நிலங்களில் பெரும்பாலும் இரவுத் தங்கலே கிடையாது. இதெல்லாம் போக, நேஷனல் ஃபாரஸ்ட் எல்லைக்கு உள்ளேயே தனியார் நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1859இல் இங்கே தங்கத்துக்காக ஆட்கள் குவிந்தார்கள். பிறகு 1872இல் வந்த சுரங்கச் சட்டப்படி அவரவர் தோண்டிய இடத்தைப் பட்டா போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டாக்கள் இன்றும் செல்லும். நெடர்லாந்து, பிளாக் ஹாக், ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்கிற மலை ஊர்கள் பக்கம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பூச்சி அரித்த இலை மாதிரி இருக்கும். பச்சை வனம், நடுநடுவே வெள்ளைக் கட்டம். அந்த வெள்ளைக் கட்டத்தில் போய் டென்ட் போட்டால்தான் நீங்கள் பயப்படுகிற டார்ச் வரும்.

அதனால் கூகுள் மேப்பை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். ஃபாரஸ்ட் சர்வீஸ் ஒவ்வொரு வனத்துக்கும் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் என்று ஒன்று வெளியிடுகிறது. இலவசம். கறுப்பு வெள்ளையில், பார்க்க அழகில்லாமல் இருக்கும். ஆனால் எந்த மண் ரோட்டில் வண்டி ஓட்டலாம், எந்த மாதத்தில் திறப்பார்கள், எந்த ரோட்டோரம் வண்டியை இறக்கி டென்ட் போடலாம் என்பது அதில்தான் இருக்கிறது. ரோட்டுக் கோட்டின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தால் அங்கே அனுமதி உண்டு என்று பொருள். ரோட்டிலிருந்து எத்தனை அடி உள்ளே போகலாம் என்பது வனத்துக்கு வனம் மாறும், அதையும் அந்தத் தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். அவென்சா என்கிற வரைபட ஆப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் உங்கள் நீலப் புள்ளி அந்த வரைபடத்தின் மேல் நகரும்.

நெரிசல் அதிகமான இடங்களில் இப்போது நம்பர் பலகை நட்டு, "இந்த இடங்களில் மட்டும்தான்" என்று வைத்துவிட்டார்கள். காசு கிடையாது, முன்பதிவும் கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். நெடர்லாந்துக்கு வடக்கே பீக் டு பீக் ஹைவேயிலிருந்து பிரிகிற கார்டன் கல்ச் அப்படித்தான். முதல் முறைக்கு இந்த நம்பர் போட்ட இடமே நல்லது. யார் நிலம் என்ற குழப்பம் இல்லை, தரை ஏற்கெனவே சமமாகி இருக்கும், பக்கத்தில் ஆளும் இருப்பார்கள்.

தண்ணீர்க் குழாய், டாய்லெட், குப்பைத்தொட்டி, மேசை எதுவும் இருக்காது. ஒரே இடத்தில் பெரும்பாலும் 14 நாள் வரைதான் இருக்கலாம். ஓடை, ஏரியிலிருந்து 200 அடி தள்ளித் தங்க வேண்டும். பெரியவர்கள் நடையில் எழுபது தப்படி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலுசக்கரம்:

நான் கொலராடோ ஸ்பிரிங்ஸ். மேலே சொன்ன வரைபடம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ரோடு திறந்திருக்கிறதா என்றுதான் அது சொல்லும், ரோடு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. சட்டப்படி சாதாரணக் கார் போகலாம் என்று போட்டிருக்கிற ரோட்டில் முழங்கால் உயரத்துக்குக் கல் நிற்கும். மினிவேனுக்கு வயிறு தாழ்வு. தார் ரோட்டிலிருந்து பிரிந்த முதல் ஒன்றிரண்டு மைலுக்குள் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, ஓர் ஆள் இறங்கி முன்னால் நடந்து பார்த்து வரட்டும். மழை பெய்தால் அதே ரோடு இன்னொரு ரோடாகிவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், மண் ரோட்டில் ஓட்டக் கூடாது என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

எங்கள் பக்கம் ராம்பார்ட் ரேஞ்ச் ரோடு இருக்கிறது. இடம் நிறைய. ஆனால் டர்ட் பைக் ஓட்டுகிறவர்களின் கோட்டை அது, விடிந்ததிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்கும். அமைதி வேண்டும் என்றால் அது உங்களுக்கு இல்லை.

அப்புறம் துப்பாக்கி. நேஷனல் ஃபாரஸ்டில் பல இடங்களில் குறி பார்த்துச் சுடுவதற்கு அனுமதி உண்டு. 2015 ஜூலையில் பைக் வனத்தில் குடும்பத்தோடு முகாம் போட்டிருந்த ஒருவர் எங்கிருந்தோ வந்த குண்டுக்குப் பலியானார். டென்ட் போடும் முன் சுற்றிப் பாருங்கள். தரையில் தோட்டா உறைகள் சிதறிக் கிடக்கிறதா, மரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா, குறி பார்க்க வீசுகிற களிமண் தட்டுகள் உடைந்து கிடக்கிறதா? இருந்தால் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். செப்டம்பருக்கு மேல் வேட்டைக் காலம். அப்போது போகிறவர்கள் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுவிடுங்கள்.

வெண்பனி:

ஆண்கள் எல்லாரும் ரோடு, வரைபடம் என்று பேசியாயிற்று. அம்மா வருகிறார் என்றால் முதல் கேள்வி டாய்லெட். இதை வெளிப்படையாகப் பேசாததால்தான் நம் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் "நீங்க போய்ட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

காட்டில் முறை இதுதான். தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் எழுபது தப்படி தள்ளிப் போய், ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, வேலை முடிந்ததும் அதே மண்ணால் மூடுவது. இதற்கென்றே கைப்பிடி வைத்த சின்ன மண்வெட்டி கடையில் கிடைக்கும். பேப்பரைப் புதைக்க வேண்டாம், விலங்குகள் தோண்டி இழுத்துப் போட்டுவிடும். பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, தண்ணீரால் கழுவிப் பழகியவர்கள். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போய் அந்தக் குழிக்கு மேலேயே கழுவிக்கொண்டால் பேப்பர் வேலையே இல்லை. சோப்பு மட்டும் அங்கே வேண்டாம். கையை அப்புறம் முகாமில் வந்து, ஓடையிலிருந்து தள்ளி நின்று கழுவுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் குந்தி உட்கார முடியாது. அவர்களுக்கு மூடி போட்ட பெரிய வாளி, அதன் மேல் பொருந்துகிற டாய்லெட் சீட், உள்ளே பை, பைக்குள் பூனை வளர்ப்பவர்கள் வாங்குகிற, ஈரம் உறிஞ்சும் மணல் கொஞ்சம். இதோடு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற குட்டி டென்ட் ஒன்று வாங்கினால் கதவு மூடிய டாய்லெட் தயார். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு வயதுப் பிள்ளைக்கும் இதுதான் கைகொடுக்கும். நீங்கள் போகிற மாதிரி நெரிசலான இடத்தில் ஆளாளுக்குக் குழி தோண்டுவதைவிட இந்த வாளி முறை நிலத்துக்கும் நல்லது. அந்தப் பைகளை மூடி இறுக்கிய வாளியிலேயே ஊருக்குக் கொண்டுவந்து குப்பையில் போடலாம், அதற்கென்றே விற்கிற பைகளாக வாங்கினால். மாதவிலக்கு நேரத்து நாப்கினும் அப்படித்தான், புதைக்கக் கூடாது. உள்ளே தெரியாத கனமான பை ஒன்றில் கொஞ்சம் காய்ந்த டீத்தூள் போட்டு வைத்துக்கொண்டால் வாடை வராது.

அம்மாவுக்கு இன்னொன்று. டென்வரே 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. நெடர்லாந்து 8,200 அடிக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து வந்து சில நாளிலேயே அங்கே படுக்க வைக்க வேண்டாம். டென்வரில் ஓரிரு வாரம் இருந்தபின் போனால் உடம்பு பழகியிருக்கும். தண்ணீர் அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஜூலையிலும் விடியற்காலை பல் கிட்டிப்போகும் குளிர் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த சால்வை போதாது. தரைக்குளிர் ஏறாமல் கீழே தடித்த மெத்தை, தலைக்குக் கம்பளிக் குல்லா, இரண்டும் கட்டாயம்.

கல்லூரிச்சாலை:

நான் ஃபோர்ட் காலின்ஸில் படிக்கிறேன். வரைபடம், புள்ளி எல்லாம் சரி. யாராவது போய்த் தங்கிய இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை அப்படியே போட்டால் வேலை சுலபமாக முடியுமே? நம்பர் போடாத, கூட்டமில்லாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

பைன்மரம்:

தம்பி, அதை மட்டும் பொதுவில் போட மாட்டேன். நம்பர் பலகை இல்லாத இடம் என்பது இன்னும் யாரும் பாழ் செய்யாத இடம். எண்ணைப் போட்டால் ஒரே கோடையில் அங்கே பத்துத் தீக்குழி வந்துவிடும், ரோடு அகலமாகும், புல் போய் வெறும் மண்ணாகும், மரத்தடிகளில் வெள்ளைப் பேப்பர் முளைக்கும். கடைசியில் மூடிவிடுவார்கள், அல்லது பலகை நடுவார்கள். கிரெஸ்டட் பியூட் என்கிற மலை ஊரின் சுற்றுவட்டாரப் பள்ளத்தாக்குகளில் முன்பு நினைத்த இடத்தில் தங்கலாம். கூட்டம் தாங்காமல் 2021இல் குறித்த இடங்களில் மட்டும்தான் என்று ஆக்கினார்கள்.

கல்லூரிச்சாலை:

அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் என் அறைத்தோழன் இங்கேயே பிறந்தவன். அவன் தாத்தா அவன் அப்பாவுக்குக் காட்டினார், அப்பா அவனுக்குக் காட்டினார். அவனுக்கு வரைபடமே தேவையில்லை. எனக்கு யார் காட்டுவார்கள்? தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தக் காடு எல்லாருக்கும் பொது என்று சொல்வதில் என்ன இருக்கிறது? நம் ஆட்கள் கூட்டமான இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதும் இதனால்தானே?

பைன்மரம்:

நியாயமான கேள்வி. எண்ணைத் தர மாட்டேன், ஆனால் கண்டுபிடிக்கிற வழியை முழுக்கத் தருகிறேன். அது கையில் இருந்தால் கொலராடோவில் மட்டுமல்ல, எந்த மாநிலத்திலும் உதவும்.

வரைபடத்தில் புள்ளி வைத்த ரோட்டை எடுங்கள். அதே ரோட்டை சாட்டிலைட் படத்தில் பாருங்கள். ரோட்டோரம் சின்னதாக ஒரு கிளை பிரிந்து வட்டமாக வெறும் மண் தெரிந்தால் அங்கே முன்பு யாரோ தங்கியிருக்கிறார்கள். எப்போதும் அப்படிப்பட்ட பழைய இடத்திலேயே தங்குங்கள், புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்க வேண்டாம். அடுத்து, அது தனியார் துண்டில் விழுகிறதா என்று நில எல்லை காட்டும் ஆப்பில் சரிபாருங்கள். மூன்று இடம் குறித்துக்கொண்டு, ஃபாரஸ்ட் சர்வீஸின் உள்ளூர் அலுவலகமான ரேஞ்சர் ஆபீசுக்குப் போன் போட்டு "இந்த எண் ரோடு திறந்திருக்கிறதா, தீத்தடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தீத்தடை என்பது காடு காய்ந்திருக்கும்போது நெருப்புக்குப் போடுகிற தடை, கட்டம் கட்டமாக ஏறும். ரோட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். "நல்ல இடம் எது?" என்று பொதுவாகக் கேட்டால் கார்டன் கல்ச் என்றுதான் சொல்வார்கள்.

அங்கே போய் நின்றதும் முதலில் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். இந்த மலைகளில் வண்டு அரித்துப் பட்டுப்போன பைன் மரங்கள் ஏராளம். நிற்கிற மாதிரித்தான் இருக்கும், காற்றடித்தால் வேரோடு சாயும். பட்ட மரம் தன் உயரத்துக்கு எட்டுகிற தூரத்தில் டென்ட் கூடாது. பிறகு கீழே பாருங்கள். பள்ளத்தின் அடிமடியில், ஓடை ஓரச் சமதரையில் தங்கவே கூடாது. 1976 ஜூலை 31, சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டஸ் பார்க் ஊருக்குக் கீழே பிக் தாம்ப்ஸன் கேன்யன் என்கிற மலை இடுக்கில் நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு அங்குலம் மழை கொட்டியது. மறுநாள் மாநிலத்தின் நூறாவது பிறந்தநாள், கேன்யன் முழுக்க விடுமுறைக்கு வந்த கூட்டம். 144 பேர் செத்தார்கள். பலர் வண்டியை ஓட்டித் தப்பிக்கலாம் என்று பார்த்தவர்கள். இன்றும் இந்தக் கேன்யன் ரோடுகளில் "வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்" என்று பலகை நிற்கும். வண்டியை விட்டுவிட்டு, கால் நடையாக, சரிவில் மேல்நோக்கி. பிள்ளைகளிடமும் இதைப் போகும்போதே சொல்லி வையுங்கள்.

அப்புறம், அடுத்த மாதம் நாங்கள் போகும்போது நீயும் வா. உன் தோழனுக்குத் தாத்தா காட்டிய மாதிரி நாங்கள் காட்டுகிறோம்.

கல்லூரிச்சாலை:

வருகிறேன் அண்ணா. நன்றி.

சுள்ளி:

கேம்ப்ஃபயர் பற்றி யாரும் பேசவில்லையே? ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காராமல் என்ன கேம்பிங்? பிள்ளைகள் அதற்காகத்தானே வருவார்கள்? கரியில் சிக்கன் சுடுவதும் எங்கள் குழுவில் வழக்கம்.

பைன்மரம்:

ஜூலை மூன்றாம் வாரம் என்றால் நெருப்பு இருக்காது என்றே வைத்துத் திட்டமிடுங்கள். தீத்தடையில் முதல் கட்டம் வந்துவிட்டாலே இப்படிக் காசில்லாமல் தங்குகிற இடங்களில் விறகுத் தீ கிடையாது. கரி அடுப்பும் அதே கணக்குத்தான், சிக்கனுக்காக விலக்கு இல்லை. திருகி அணைக்கிற வால்வு உள்ள கேஸ் ஸ்டவ் மட்டும் பொதுவாக அனுமதி. இரண்டாம் கட்டம் வந்தால் காசு கட்டுகிற கேம்ப்கிரவுண்டில்கூட நெருப்பு மூட்ட முடியாது.

தடை இல்லாத வாரமாக இருந்தாலும் யோசியுங்கள். 2016 ஜூலையில் நெடர்லாந்துக்குப் பக்கத்தில் கோல்ட் ஸ்பிரிங்ஸ் தீ. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் தாங்கள் மூட்டிய நெருப்பைச் சரியாக அணைக்காமல் போய்விட்டார்கள். 528 ஏக்கர், எட்டு வீடு. அவர்கள் கைதாகித் தண்டனையும் வாங்கினார்கள். 2002இல் பைக் வனத்தில் ஹேமன் தீ, 1,38,000 ஏக்கர், 133 வீடுகள். அதுவும் ஒரு முகாமின் தீக்குழியில் ஆரம்பித்ததுதான். பற்ற வைத்தவர் அந்த வனத்துறையிலேயே வேலை பார்த்தவர். காட்டை நன்றாகத் தெரிந்தவர் கையிலிருந்தே அப்படிப் பரவியது. நான் அந்தக் கரிந்த சரிவுகளில் நடந்திருக்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் பல இடத்தில் மரம் திரும்ப வரவில்லை, வெறும் புல்தான்.

மூட்டினால், அணைக்கத் தனியாக ஐந்து காலன் தண்ணீரும் ஒரு மண்வெட்டியும் வேண்டும். தண்ணீரைக் கொட்டு, கிளறு, மறுபடி கொட்டு, மறுபடி கிளறு. கடைசியில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார், சூடு துளியும் தெரியக் கூடாது. மண்ணை அள்ளி மேலே மூடிவிட்டுப் போவது அணைப்பது ஆகாது. மண்ணுக்குக் கீழே கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், வேரைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ எழும்பும். விறகை வீட்டிலிருந்தும் கொண்டுபோக வேண்டாம். 2013இல் போல்டரில் ஆஷ் மரங்களைக் கொல்லும் வண்டைக் கண்டார்கள், விறகோடு ஊர் ஊராகப் போகிற பூச்சி அது.

சுள்ளி:

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

வெண்பனி:

எங்கள் பிள்ளைகள் நெருப்பு இல்லாமலேயே பழகிவிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள், கேஸ் லாந்தர், போன் எல்லாம். கண் பழகக் கால் மணி நேரம் ஆகும். அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால் ஜூலையில் தெற்கே பால்வீதி எழுவதை அம்மாவுக்குக் காட்டலாம். நெருப்பு எரிந்தால் இது தெரியாது. இன்னொன்று, புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வையுங்கள். அடுத்த டென்ட் தள்ளி இருந்தாலும் பள்ளத்தாக்கில் சத்தம் எங்கும் போகும்.

பழையபாதை:

சமையல் பற்றி நான் சொல்கிறேன். 8,500 அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் சோறு வடிக்கப் பார்த்தால் மேலே குழைந்து நடுவில் அரிசியாக நிற்கும். பருப்பு வேகவே வேகாது, கேஸ்தான் தீரும். சோறு வேண்டும் என்றால் மூன்று லிட்டர் பிரஷர் குக்கரைக் கொண்டுபோங்கள், வீட்டில் விடுவதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். ஸ்டவ்வைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் விசிலே வராது. முதல் ராத்திரிக்குப் புளிசாதம், சப்பாத்தி கட்டிக்கொண்டு போய்விடுங்கள். காலைக்கு ரவா உப்புமா, அதற்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.

கழுநீர் விஷயத்தில் நம் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர், சாம்பார்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர், எதையும் ஓடையிலோ டென்ட் பக்கத்திலோ ஊற்றக் கூடாது. துணி வடிகட்டியில் வடிகட்டிப் பருக்கையைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரை எழுபது தப்படி தள்ளிப் பரவலாக வீசிவிடுங்கள். கருவேப்பிலை, வாழைப்பழத்தோல், முட்டை ஓடு எல்லாம் மக்கிவிடும் என்று தூக்கி எறிவதும் வேண்டாம். இந்தக் குளிரிலும் வறட்சியிலும் சீக்கிரம் மக்காது, கரடிதான் வரும். கொலராடோவில் கருங்கரடி மட்டும்தான், மாநில வனவிலங்குத் துறை 17,000 முதல் 20,000 வரை என்று கணக்குச் சொல்கிறது. மனிதரைத் தேடி வராது, வாசனையைத் தேடி வரும். நம் மசாலா டப்பாவின் வாசனைக்குச் சொல்லவே வேண்டாம். சாப்பாடு, கூலர், பற்பசை, பிள்ளைகளின் பிஸ்கட், குப்பைப் பை எல்லாம் ராத்திரி வண்டிக்குள். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டுங்கள். சும்மா சாத்தி வைத்த கார்க் கதவை இந்த ஊர்க் கரடிகள் கைப்பிடியைப் பிடித்துத் திறக்கும். டென்டுக்குள் ஒரு மிட்டாய்கூட வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிற வனத்துக்கு அராப்பஹோ என்று 1908இல் பெயர் வைத்தார்கள். அந்த மக்களை அதற்கு முன்பே இந்த மலையடிவாரத்திலிருந்து விரட்டியாயிற்று. 1851 ஒப்பந்தத்தில் அவர்களுடையது, ஷையன் மக்களுடையது என்று எழுதிக் கொடுத்த நிலம் இது. தங்கம் வந்ததும் ஒப்பந்தம் போயிற்று. 1864 நவம்பரில் சேண்ட் க்ரீக்கில் அந்த மக்களின் பெண்களையும் பிள்ளைகளையும் அரசுப் படையினர் வெட்டிச் சாய்த்தார்கள். இன்று அராப்பஹோ மக்கள் இருப்பது வயோமிங்கின் விண்ட் ரிவரிலும் ஒக்லஹோமாவிலும். பிள்ளைகள் வனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எல்லாருக்கும் பொது என்கிற நிலம் எப்படிப் பொதுவானது என்று தெரிந்து வளரட்டும்.

ஆரோராக்காரன்:

இவ்வளவு விரிவாகச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் வாளி விஷயத்தைச் சொன்னேன். "அதுதான் தடையா இருந்துச்சு, இப்ப சரி" என்றார். நெருப்பு இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். கார்டன் கல்ச்தான் முதல் திட்டம்.

மூன்று சந்தேகம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்குமா? தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவது? மதியம் இடி மின்னல் வந்தால் டென்டுக்குள் இருந்தால் போதுமா?

பைன்மரம்:

எட்டு மணிக்குக் கிடைக்காது. கோடை வெள்ளியில் மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும். ஒரு குடும்பமாவது அரைநாள் லீவு போட்டுக் காலையிலேயே போய் உட்காருங்கள். டென்டை மட்டும் போட்டு வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி வருவது மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம், அதைச் செய்யாதீர்கள். நிரம்பியிருந்தால் இரண்டு நம்பருக்கு நடுவே சொருகிக்கொள்ளவும் கூடாது. அதற்குத்தான் இரண்டாவது, மூன்றாவது இடம் குறித்து வைக்கச் சொன்னேன். இருட்டில் மண் ரோட்டில் இடம் தேடுவதைவிட அன்று வீட்டுக்குத் திரும்பி மறுநாள் விடியலில் வருவதே மேல்.

தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் என்று பாருங்கள். உங்களுக்கு இரண்டு ராத்திரிக்குப் பதினெட்டு, இருபது காலன் ஆகும். ஓடைத் தண்ணீரை நம்ப வேண்டாம். வடிகட்டாமல் குடிக்கக் கூடாது, கோடையில் அந்தச் சிற்றோடை ஓடுமா என்பதே நிச்சயமில்லை.

மின்னலுக்கு டென்ட் பாதுகாப்பே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் ஒன்று இரண்டு மணிக்கு மேல் மேகம் கறுக்கும், இது இங்கே அன்றாடம் நடக்கிறது. முதல் இடி கேட்டதும் எல்லாரும் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசி இடிக்கு அரைமணி நேரம் கழித்து இறங்கலாம். மலையேற்றம் எதுவும் வைத்திருந்தால் விடியற்காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

நாலுசக்கரம்:

பெட்ரோல் போல்டரிலேயே நிரப்பிவிடுங்கள். கேன்யனில் சிக்னல் போய்விடும், அதனால் வரைபடம், வழி எல்லாம் வீட்டிலேயே இறக்கி வையுங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது யாரிடமாவது இருந்தால் சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். போனிலேயே அதற்கு ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கிறது, கிளம்பும் முன் ஒருமுறை செய்து பாருங்கள். எங்கே தங்குகிறீர்கள், ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வெண்பனி:

ஆரோராக்காரன், வாளியும் அந்த நிமிர்ந்த டென்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த வாரம் நாங்கள் எங்கும் போகவில்லை. புதிதாக வாங்க வேண்டாம், தனிச் செய்தியில் முகவரி கேளுங்கள், புதன்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். தடித்த மெத்தையும் ஒன்று தருகிறேன், அம்மாவுக்கு.

பைன்மரம்:

வியாழக்கிழமை போல்டர் ரேஞ்சர் ஆபீசுக்குப் போன் போட்டுத் தீத்தடை எந்தக் கட்டம் என்று கேட்டு இங்கேயே எழுதுங்கள். இதே வாரம் போகிற மற்றவர்களுக்கும் உதவும்.